அடுத்த கதவு யாருடையது?

(தஞ்சாவூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தஞ்சை வட்டாரத்தில் சிங்கப்பூரைப் பற்றிப் பேச வருபவருக்கு ஒரு வசதி உண்டு. ஊரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. "எங்கள் மாமா அங்கேதான் இருக்கிறார்" என்று சொல்லக்கூடியவர்கள் இந்த அவையிலேயே பலர் இருப்பீர்கள். விமான நிலையம், வானுயர்ந்த வங்கிக் கட்டடங்கள், தேக்காவின் பூக்கடைகள் எல்லாம் உங்களுக்குப் பழக்கமானவை. நான் இன்று உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது அவற்றைத் தாண்டி, சுற்றுலாப் பேருந்துகள் நிற்காத இடங்களுக்கு. யீஷூன், தெம்பனீஸ், பிடோக், அங் மோ கியோ, தோ பாயோ, செங்காங், பொங்கோல் என்று 24 நகரங்கள் அந்தத் தீவில் உள்ளன. அரசு நிறுவனமான வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், எங்கள் பேச்சில் வீவக, கட்டிய பத்து லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் அவற்றில் இருக்கின்றன. சிங்கப்பூர்வாசிகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் அங்கேதான் வாழ்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன், யீஷூன்வாசி.

இந்த நகரங்கள் வரைபடத்தில் பிறந்து, பிறகு மண்ணில் எழுந்தவை. பள்ளி எங்கே, சந்தை எங்கே, பேருந்து நிலையம் எங்கே, கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் நிலம் எங்கே என்பதெல்லாம் முதல் செங்கல் வைக்கும் முன்பே முடிவானவை. திட்டமிட்ட நகரங்கள் உலகில் பல உண்டு. சிங்கப்பூர் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தது. உங்கள் வீட்டுக்கு அடுத்த கதவு யாருடையதாக இருக்கலாம் என்பதையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அது சரியா, அதனால் என்ன கிடைத்தது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெவ்வேறு இனத்தார் கலந்து வாழ்வது தானாக நடப்பதில்லை. அதைத் திட்டமிட்டுத்தான் செய்ய வேண்டும். செய்யும்போது அதன் விலை சிறுபான்மையினர் தலையில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டில் முதலாவதைச் சிங்கப்பூர் துணிந்து செய்தது. இரண்டாவதை இன்னும் முழுமையாகச் செய்து முடிக்கவில்லை.

முதல் வரைபடம்

சிங்கப்பூர் இரண்டு முறை திட்டமிடப்பட்ட ஊர். 1819இல் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத்தளத்தை நிறுவினார். 1822இல் நகரத்துக்கு வரைபடம் தீட்டச் சொன்னார். லெஃப்டினன்ட் ஃபிலிப் ஜாக்சன் வரைந்ததால் அதை ஜாக்சன் திட்டம் என்கிறார்கள். அதன் அடிப்படை ஒன்றே ஒன்று: ஒவ்வோர் இனத்துக்கும் தனி இடம். ஆற்றின் தென்மேற்கே சீனர். கம்போங் கிளாமில் சுல்தானைச் சுற்றி மலாய்க்காரர், பூகிஸ் மக்கள், அரபு வணிகர். ஐரோப்பியருக்குத் தனிப் பகுதி. ஆற்றின் மேல்புறத்தில் சூலியாக்கள், அதாவது நம் கடற்கரைப் பட்டினங்களிலிருந்து கப்பலேறிய தமிழ் முஸ்லிம்கள். சீனருக்குள்ளும் சொந்த மாநிலம் பார்த்துப் பிரித்துக் குடியமர்த்த வேண்டும் என்பது ராஃபிள்ஸின் கட்டளை.

கோடு போட்டபடியே எல்லாம் நடந்துவிடவில்லை. ஆனால் பிரிந்து வாழும் வழக்கம் வேர்விட்டது. மார்க்கெட் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் அமைந்தன. சிராங்கூன் சாலையில் மாட்டுத் தொழுவங்களையும் செங்கல் சூளைகளையும் சுற்றித் தமிழர்கள் குடியேறினார்கள். தஞ்சோங் பகாரில் துறைமுகத் தொழிலாளர்களோடு தென்காசி, கடையநல்லூர்க் குடும்பங்கள் சேர்ந்தன. வடக்கே செம்பவாங்கில், பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழரும் மலையாளிகளும் வாழ்ந்தார்கள். கிழக்கே கேலாங் சிராயில் மலாய்க் கம்பங்கள், அதாவது கிராமங்கள், இருந்தன.

அந்த வாழ்க்கையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கப்பலிலிருந்து இறங்கியவனுக்குச் சொந்த ஊர்க்காரன் ஒருவன் இருந்தால்தான் படுக்க இடமும் உண்ணச் சோறும் வேலைக்குச் சிபாரிசும் கிடைக்கும். ஏழைக்கு இனக்கூட்டம்தான் காப்பீடு, வங்கி, மருத்துவமனை எல்லாம். ஆனால் அந்த அமைப்பில் ஒரு பெரும் ஆபத்தும் இருந்தது. அடுத்த இனத்தாரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் வதந்தியாக மட்டுமே இருந்தது. 1964 ஜூலை 21 அன்று நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இடையே கலவரம் மூண்டது. அதில் 23 பேர் இறந்தார்கள். 450 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் ஒரு கலவரம். அரசியல் காரணங்கள் பல இருந்தன. ஆனால் தீ பரவுவதற்கு ஏற்றபடி ஊர் பிரிந்து கிடந்தது என்பதும் உண்மை. கம்பத்துக்குக் கம்பம், தெருவுக்குத் தெரு, எந்த இனத்தார் எங்கே இருக்கிறார்கள் என்பது தாக்க வந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இரண்டாவது வரைபடம்

வீவக தொடங்கியது 1960 பிப்ரவரி 1. அப்போது முதல் கவலை இனம் அல்ல, கூரை. நகர மையத்தின் கடைவீடுகளில் ஒரே அறைக்குள் பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. ஓரங்களில் பலகையும் தகரமும் வைத்துக் கட்டிய குடிசைப் பகுதிகள். 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீயில் பற்றிய தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். கழகத்தின் முதல் தலைவர் லிம் கிம் சானின் தலைமையில் வேலை வேகம் பிடித்தது. முதல் ஐந்தாண்டுகளில் 50,000 வீடுகளுக்கு மேல் எழுந்தன. 1966இல் வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டம் அந்த வேகத்துக்குத் துணை நின்றது. 1968 முதல் மத்திய சேமநிதியிலிருந்து பணம் எடுத்து வீடு வாங்க வழி பிறந்தது. வாடகைக் குடியாக வந்தவர்கள் உரிமையாளர்கள் ஆனார்கள்.

எல்லோரும் மனமுவந்து இடம்பெயரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கோழி வளர்த்தவர், தென்னை வைத்திருந்தவர், வாசலில் திண்ணை வைத்திருந்தவர் எல்லோரும் பத்தாவது மாடிக்குப் போனார்கள். தலைமுறை தலைமுறையாகப் பழகிய அண்டை அயலைப் பிரிந்தார்கள்.

புதிய நகரங்களை அமைத்தவர்கள் இந்த இழப்பை உணர்ந்திருந்தார்கள். லியூ தை கெர் போன்ற கட்டடக் கலைஞர்கள் நகரத்தை அடுக்கடுக்காக வகுத்தார்கள். நகரம், அதற்குள் பேட்டைகள், பேட்டைக்குள் சில புளோக்குகள், அதாவது அடுக்குமாடிக் கட்டடங்கள், சேர்ந்த சிறு தொகுதிகள். ஒரு தொகுதியில் சில நூறு குடும்பங்கள் மட்டும். ஒருவர் முகம் மற்றவருக்குப் பழகுவதற்கு அதுதான் அளவு என்று கருதினார்கள். அந்தத் தொகுதிக்குள்ளேயே மூவறை வீடும் நாலறை வீடும் ஐந்தறை வீடும் கலந்து வந்தன. பணக்காரப் பகுதி, ஏழைப் பகுதி என்று பிரியாமலிருக்க இது ஓர் உபாயம். நடந்து போகும் தூரத்தில் ஈரச்சந்தை, உணவங்காடி நிலையம், தொடக்கப்பள்ளி. தரைத்தளத்தில் வீடுகளே கட்டாமல் தூண்களுக்கிடையே வெறும் இடமாக விட்டார்கள். அதைத்தான் நாங்கள் புளோக் கீழ்த்தளம் என்கிறோம்.

தொடக்கத்தில் வீடுகளை ஒதுக்கியபோது இனங்கள் ஓரளவு கலந்தே வந்தன. பிறகு மறுவிற்பனைச் சந்தை வளர்ந்தது. விற்பவரும் வாங்குபவரும் தாங்களே பேசி முடித்துக்கொள்ளலாம் என்றானபோது மக்கள் தம் இனத்தார் இருக்குமிடம் தேடி நகரத் தொடங்கினார்கள். பிடோக்கிலும் தெம்பனீஸிலும் மலாய்க்காரர் திரண்டார்கள். ஹவ்காங்கில் சீனர். எங்கள் யீஷூனில் இந்தியர். கடற்படைத் தளத்துத் தொழிலாளர் குடும்பங்கள் பல பக்கத்திலேயே குடியேறியதும் அதற்கு ஒரு காரணம். யாரும் யாரையும் விரட்டவில்லை. ஒவ்வொரு குடும்பமும் நியாயமான காரணத்தோடுதான் முடிவெடுத்தது. அப்பா வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாம், பள்ளிவாசலுக்கு நடந்து போகலாம், மளிகைக் கடையில் கறிவேப்பிலை கிடைக்கும். இப்படி ஆயிரம் நல்ல முடிவுகள் சேர்ந்து 1822இன் வரைபடத்தை மறுபடியும் வரையத் தொடங்கின.

இதைத் தடுக்க 1989இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கையை அறிவித்தவர் ஒரு தமிழர். அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன். அந்த ஆண்டு மார்ச் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு புளோக்கில் சீனர் வீடுகள் 87 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, பேட்டையில் 84. மலாய்க்காரருக்குப் புளோக்கில் 25, பேட்டையில் 22. இந்தியரும் மற்ற இனத்தாரும் சேர்ந்து புளோக்கில் 13, பேட்டையில் 10. 2010இல் கடைசிப் பிரிவின் வரம்பு 15ஆகவும் 12ஆகவும் உயர்த்தப்பட்டது. நாட்டின் மக்கள்தொகையில் சீனர் ஏறத்தாழ 74 விழுக்காடு, மலாய்க்காரர் 13 முதல் 14, இந்தியர் 9. அந்த விகிதத்துக்கு மேலே வரம்பை வைத்தார்கள். புது வீட்டுக்கும் பொருந்தும், மறுவிற்பனைக்கும் பொருந்தும்.

தாழ்வாரத்தில் நடப்பது

சட்டம் கதவுகளைப் பக்கத்தில் வைத்தது. அதன்பின் நடப்பதெல்லாம் எங்கள் கையில்.

எங்கள் தாழ்வாரத்தில் ஒரு வாசலில் கோலம், அடுத்த வாசலில் சிவப்புக் காகிதத்தில் சீன எழுத்து, அதற்கடுத்த வாசலில் நோன்புப் பெருநாளுக்குத் தொங்கவிட்ட வண்ண விளக்கு. சீனப் புத்தாண்டுக்கு இரண்டு ஆரஞ்சுப் பழங்களை இணையாகக் கொடுப்பார்கள். ஒற்றையாகக் கொடுப்பது வழக்கமில்லை. தீபாவளிக்கு முறுக்கும் அச்சுமுறுக்கும் போகும். மலாய் வீட்டுக்குக் கொடுக்கும்போது ஹலால் முத்திரையுள்ள கடையில் வாங்கிக் கொடுப்பது நல்லது என்று எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். இந்து வீட்டுக்கு மாட்டிறைச்சி இல்லாத தட்டு வரும் என்பதும் அப்படித்தான்.

கீழ்த்தளத்தில் சனி ஞாயிறு மலாய்த் திருமணம் நடக்கும். பந்தல், பிரியாணி, முரசு. அதே இடத்தில் வேறொரு வாரம் சீன மரணச் சடங்கு, மூன்று நாளோ ஐந்து நாளோ, மந்திர ஓசையோடும் ஊதுவத்திப் புகையோடும் நடக்கும். நகர மன்றத்தில் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் முன்னோருக்காகக் காகிதம் எரிக்க நகர மன்றமே பீப்பாய்களை வைக்கும். துக்கமும் மகிழ்ச்சியும் ஒரே தூண்களுக்கிடையே நடப்பதால், அடுத்தவர் எப்படி மணமுடிக்கிறார்கள், எப்படி அழுகிறார்கள் என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் கண்ணால் கண்ட அறிவாக இருக்கிறது. 1964இல் இல்லாமல் போனது இந்த அறிவுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சண்டையும் உண்டு. மேல்மாடித் துணியிலிருந்து சொட்டும் நீர், நள்ளிரவில் இழுபடும் நாற்காலி, தாழ்வாரத்தை அடைத்து நிற்கும் சைக்கிள், ஊதுவத்திப் புகை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்நியர்கள் ஒரே சுவரைப் பகிர்ந்தால் கேட்கவா வேண்டும்? இதற்கென்றே 1998இல் சமூக சமரச நிலையம் தொடங்கப்பட்டது. 2015இல் அண்டை வீட்டார் பூசல்களுக்குத் தனி நடுவர் மன்றமும் வந்தது.

அப்படி ஒரு சமரசம் 2011இல் நாட்டையே உலுக்கியது. சீனாவிலிருந்து புதிதாகக் குடியேறிய ஒரு குடும்பத்துக்குப் பக்கத்து இந்தியர் வீட்டுக் குழம்பின் வாசம் பிடிக்கவில்லை. சமரசத்தில், அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் குழம்பு வைப்பதாக இந்தியக் குடும்பம் ஒப்புக்கொண்டது. சீனக் குடும்பம் அந்தக் குழம்பைச் சுவைத்துப் பார்ப்பதாகச் சொன்னது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்த இந்தச் சமரசம் பற்றிய செய்தி நாளிதழில் வெளியானபோது கொந்தளித்தவர்கள் தமிழர்கள் மட்டுமல்லர். ஆகஸ்ட் 21 அன்று எல்லோரும் அவரவர் வீட்டில் குழம்பு சமைத்துப் பகிர்ந்து உண்போம் என்று இணையத்தில் ஓர் அழைப்பு பரவியது. அதை முன்னெடுத்தவர்களில் சீனச் சிங்கப்பூரர்களும் இருந்தார்கள். பல்லாயிரக்கணக்கானோர் கைகோத்தார்கள்.

நண்பர்களே, இந்த நிகழ்ச்சியை வெறும் வெற்றிக் கதையாக நான் சொல்லவில்லை. அதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. சமரசம் என்ற பெயரில் விட்டுக்கொடுக்கும்படி கேட்கப்படுபவர் எப்போதும் சிறிய கூட்டத்தைச் சேர்ந்தவராக இருக்கும் ஆபத்து உண்டு என்பது ஒன்று. பக்கத்து வீட்டு மிளகாய்ப்பொடி வாசத்தில் வளர்ந்த ஒரு சீன இளைஞர், அதைத் தன் வீட்டு வாசமாகவே எண்ணி எழுந்து நின்றார் என்பது மற்றொன்று. அவரை அப்படி வளர்த்தது எந்தப் பாடநூலும் அல்ல, தாழ்வாரம்.

விலை கொடுத்தவர்கள்

இப்போது கணக்கின் மறுபக்கத்துக்கு வருவோம்.

ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வீடு வைத்திருக்கும் சீனர் இன்னொரு சீனருக்கு விற்கலாம், எண்ணிக்கை மாறாது. அங்கே வீடு வைத்திருக்கும் தமிழர் சீனருக்கு விற்க முடியாது. இந்தியர், மலாய்க்காரர் போன்ற மற்ற இனத்தாரிடையே மட்டும் ஆள் தேட வேண்டும். வாங்குவோர் கூட்டம் சிறியது. விலை குறையும், காத்திருப்பும் நீளும். ஒரே புளோக், ஒரே மாடி, ஒரே அளவு வீடு. விற்பவரின் இனத்தைப் பொறுத்து விலை மாறுகிறது. வாழ்நாள் சேமிப்பை ஒரு வீட்டில் போட்ட குடும்பத்துக்கு இது சிறிய விஷயம் அல்ல. இந்தக் குறை பல ஆண்டுகள் பேசப்பட்டு, 2022 மார்ச்சில்தான் ஒரு வழி பிறந்தது. நெடுங்காலம் விற்க முடியாமல் தவிக்கும் தகுதியுள்ள உரிமையாளர்களின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும் என்று அறிவித்தார்கள். 1989க்கும் 2022க்கும் இடையே 33 ஆண்டுகள். நாட்டின் ஒற்றுமை எல்லோருக்கும் கிடைத்த நன்மை. அதற்கான கட்டணத்தில் ஒரு பகுதியை அத்தனை காலம் சில குடும்பங்கள் மட்டும் கட்டிவந்தன.

இரண்டாவது விலை மொழி. எந்தப் புளோக்கிலும் இந்தியர் சிறு பங்குதான் என்றால், அவர்களுக்குள் தமிழ் பேசுவோர் இன்னும் குறைவு. தாழ்வாரத்தில் விளையாடும் பிள்ளைகளின் பொதுமொழி ஆங்கிலம் ஆகிவிடுகிறது. தஞ்சோங் பகாரில் 1946இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, சுற்றிலும் தமிழர் வாழ்ந்ததால் நிறைந்திருந்தது. பெற்றோர் ஆங்கிலப் பள்ளியை நாடினார்கள். குடும்பங்கள் தீவெங்கும் சிதறின. 1982இல் பள்ளி மூடப்பட்டது. இன்று ஒரு பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் மிகச் சிலரே என்றால், அவர்கள் வேறோர் இடத்துக்குப் பயணம் செய்து தமிழ் கற்கிறார்கள்; அந்தப் புலவர் பெயரிலேயே ஒரு தமிழ் மொழி நிலையம் இயங்குகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி வீட்டில் தமிழை முதன்மையாகப் பேசுவோர் 2.5 விழுக்காடு. பத்தாண்டுகளுக்கு முன் அது 3 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. பழியை முழுவதும் வீட்டுக் கொள்கைமீது போடுவது நேர்மையாகாது. ஆங்கிலத்தின் ஆட்சியும் நம் வீடுகளின் அலட்சியமும் பெரிய காரணங்கள். ஆனாலும் சிறிய மொழிக்குத் தன் மக்கள் கூடும் இடம் வேண்டும். பெரும்பான்மை மொழி எந்தத் தாழ்வாரத்திலும் பிழைத்துக்கொள்ளும். சிறுபான்மை மொழி அப்படியல்ல.

இதை உணர்ந்துதான் எங்கள் மக்கள் கூடும் இடங்களைத் தாங்களே உருவாக்கிக்கொண்டார்கள். செம்பவாங் கடற்படைத் தளத்துத் தொழிலாளர்கள் ஒரு மரத்தடியில் வழிபட்ட முருகன், இன்று யீஷூனில் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் இருக்கிறார். பங்குனி உத்திரத்துக்கு அங்கே திரளும் கூட்டத்தில் பலர் வேறு நகரங்களில் வாழ்பவர்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் வளர்தமிழ் இயக்கம் தமிழ்மொழி விழாவை நடத்துகிறது. வீடு கலந்திருக்க வேண்டும்; மொழிக்கும் வழிபாட்டுக்கும் கூடுமிடம் தனியாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் திட்டம் முழுமை பெறும்.

மூன்றாவது, சட்டத்தின் கை எட்டாத இடங்கள். கொள்முதலுக்கு வரம்பு உண்டு. மனத்துக்கு வரம்பு போட முடியாது. வாடகை வீட்டு விளம்பரங்களில் "இந்தியர் வேண்டாம்" என்ற வரி பல ஆண்டுகளாக வந்ததுண்டு. சீனத் தந்தைக்கும் தமிழ்த் தாய்க்கும் பிறந்த பிள்ளையை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்ற கேள்விக்கும் சிரமத்தோடுதான் விடை கண்டார்கள். 2011 முதல் இரண்டு இனங்களையும் அடையாள அட்டையில் பதியலாம். ஆனால் வீடு வாங்கும்போது முதலில் எழுதிய இனமே கணக்கு. கலப்பைக் காக்க வந்த ஏற்பாடு, கலந்து பிறந்தவர்களை ஒரு பக்கம் நிற்கச் சொல்கிறது.

நம் மண்ணில்

யார் எங்கே வாழ்வது என்பது அவரவர் விருப்பம், அதில் அரசுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. மதிக்கத்தக்க கேள்விதான். ஆனால் விருப்பம் எல்லோருக்கும் ஒரே வலிமையோடு கிடைப்பதில்லை. பெரும்பான்மையினர் தம்மவரோடு வாழ விரும்பினால் அது நிறைவேறிவிடும். சிறுபான்மையினர் அவர்களோடு கலந்து வாழ விரும்பினால், கதவு திறந்தால்தான் நிறைவேறும். தலையிடாமல் இருப்பதும் ஒரு தரப்புக்குச் சாதகமான தலையீடாகிவிடுகிறது.

இதைத் தமிழ்நாட்டுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று நம் கிராமங்கள் பிரிந்து கிடப்பது தாளில் வரையப்படாத, ஆனால் நூற்றாண்டுகளாக நடப்பில் இருக்கும் ஒரு நகரத்திட்டம். ஜாக்சனின் வரைபடத்தைவிட அது உறுதியானது. அதற்கு மறுவரைபடம் தீட்டும் முயற்சியும் இங்கேதான் நடந்தது. 1990களின் சாதி மோதல்களுக்குப் பின் கலைஞர் மு. கருணாநிதி தலைமையிலான அரசு பெரியார் நினைவு சமத்துவபுரங்களை அறிவித்தது. முதலாவது, 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. 100 வீடுகளில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவருக்கு 10. எல்லோருக்கும் ஒரே சுடுகாடு. எண்ணிக்கை வகுத்துக் கதவுகளை அடுத்தடுத்து வைக்கும் துணிச்சலைப் பொறுத்தவரை, சிங்கப்பூரும் மேலக்கோட்டையும் ஒரே சிந்தனையின் இரண்டு வடிவங்கள்.

அளவில்தான் வேறுபாடு. சமத்துவபுரம் ஊருக்கு வெளியே எழுந்த தனிக் குடியிருப்பு. அதைச் சுற்றியிருந்த ஊர்கள் பழையபடியே இருந்தன. சிங்கப்பூரில் கலப்பு விதிவிலக்காக இல்லாமல் பொதுவிதியாக இருந்தது. அமைச்சரவை உறுப்பினர் வீட்டில் இல்லாவிட்டாலும், ஆசிரியர், ஓட்டுநர், கணக்காளர், தாதி, கடைக்காரர் எல்லோர் வீட்டிலும் அது நடைமுறையில் இருந்தது. பெரும்பாலோர் வாழும் இடத்தில் கலப்பு நடந்தால்தான் அது வழக்கமாகும். சிலரை மட்டும் ஓரிடத்தில் கலந்து வைத்தால், அவர்கள்மீது முழுச் சமூகத்தின் சுமையையும் ஏற்றிவிடுகிறோம்.

இன்று சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையிலும், கோவையின் புறநகரிலும், இங்கே தஞ்சையின் ஓரங்களிலும் சுற்றுச்சுவர் எழுப்பிய குடியிருப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. நீச்சல்குளம், உடற்பயிற்சிக்கூடம், நடைபாதை, காவலர் எல்லாம் திட்டத்தில் உண்டு. யார் குடிவரலாம் என்பது மட்டும் எழுதப்படாமல் நடக்கிறது. "சைவம் மட்டும்" என்ற விளம்பரத்திலும், "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியிலும் அது நடக்கிறது. அந்தக் கேள்வியைச் சந்தித்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். கேட்டவர்களும் இருக்கலாம்.

சிங்கப்பூரின் விழுக்காட்டு வரம்புகளை அப்படியே இங்கே கொண்டுவாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சிறிய தீவில், வீடுகளில் பெரும்பகுதியை அரசே கட்டும் நாட்டில் செய்ய முடிந்ததை இங்கே அப்படியே செய்ய முடியாது. ஆனால் அந்த அனுபவத்திலிருந்து மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்க முடியும்.

பொதுப்பணத்தில் எழும் எந்தக் குடியிருப்பிலும், வீட்டு வசதி வாரியத்தின் வீடானாலும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடியானாலும், ஒதுக்கீட்டின்போது சாதியும் மதமும் வருமானமும் ஓரிடத்தில் குவியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். ஏழைகளை மட்டும் நகரத்துக்கு வெளியே ஒரே இடத்தில் அடுக்கும் திட்டத்தை ஏற்காதீர்கள்.

வீடுகளை வரையும்போதே மக்கள் சந்திக்கும் இடத்தையும் வரையுங்கள். இந்த அவையில் கட்டடக்கலை, பொறியியல் மாணவர்கள் இருக்கிறீர்கள். தரைத்தளம் முழுவதையும் வாகன நிறுத்தமாக்கும் வரைபடத்தில், ஒரு திருமணத்துக்கும் ஒரு துக்கத்துக்கும் இடம் எங்கே என்று கேட்கும் முதல் ஆள் நீங்களாக இருங்கள்.

கலந்து வாழ்வதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று கணக்குப் பாருங்கள். புதிதாக வரும் தலித் குடும்பமோ, முஸ்லிம் குடும்பமோ, வடக்கிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பமோ தன் சமையலையும் மொழியையும் மறைத்துக்கொண்டால்தான் அங்கே அமைதி நிலவும் என்றால், அந்த அமைதிக்கு அவர்கள் மட்டும் கட்டணம் கட்டுகிறார்கள். அதைப் பகிர்ந்துகொள்வது முன்பே அங்கே இருப்பவர்களின் கடமை.

சிங்கப்பூரில் இன்று இனப்பகை அடியோடு ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 1964இல் கலவரம் நடந்த ஒரு நாட்டில், மூன்று இனத்தாரும் ஒரே மின்தூக்கிக்குக் காத்திருந்து, ஒரே சந்தையில் மீன் வாங்கி, ஒரே பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்து, தலைமுறைகள் கடந்துவிட்டன. வதந்தி வந்தால், "அப்படியா? எனக்குப் பக்கத்து வீட்டுக்காரரைத் தெரியுமே" என்று சொல்ல ஒவ்வொரு தாழ்வாரத்திலும் ஆள் இருக்கிறார். ஒரு நாட்டைக் காப்பாற்ற அது போதாது. ஆனால் அது இல்லாமல் எந்த நாட்டையும் காப்பாற்ற முடியாது.

அந்த ஆளை உருவாக்கியது ஓர் அரசின் முடிவு, ஒரு வரைபடம், அதற்குப் பின் லட்சக்கணக்கான குடும்பங்களின் அன்றாடப் பொறுமை. மூன்றும் தமிழ்நாட்டுக்கு எட்டாதவை அல்ல. இந்த அவையில் இருக்கும் இளைஞர்கள் நாளை வரைபடம் போடுவீர்கள், வீடு ஒதுக்குவீர்கள், வீட்டை வாடகைக்கு விடுவீர்கள். அப்போது ஒரு குடும்பத்தை அதன் பெயரைக் கேட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்.